அங்காயி வெல்வெட்டை மடிக்காத கதை

கற்பூரம் அணைத்துச் சொல்கிறேன், துண்டைப் போட்டுத் தாண்டச் சொன்னாலும் தாண்டுகிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் பல்லும் இப்போதே கொட்டட்டும்!

அந்தக் காலத்தில், பூச்சியும் பறவையும் வாய்விட்டுப் பேசித் திரிந்தபோது, மழை நாளில் மண்ணில் ஊருமே, அந்தத் தம்பலப்பூச்சிக்கு இன்றிருக்கும் சிவப்பும் கிடையாது, மினுமினுப்பும் கிடையாது. ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி வெளுத்துப்போய் இருக்கும். ஆனால் செய்த தொழில் என்னவோ வெல்வெட் நெசவு. நாலு கால் தறி மிதியில், நாலு கால் நாடாவை எறிவதில். நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்கு நடுவே புல்குச்சி செருகி, இழையை வளையம் வளையமாக எழுப்பி, வளையத்தைக் கத்தியால் கீறிவிட்டால் இழையெல்லாம் பூப்போல நிமிர்ந்து நிற்கும்.

அந்தக் கூட்டத்தில் அங்காயி கெட்டிக்காரி. அவள் வீட்டுக் கொடியில்தான் தாய்த்துண்டு தொங்கியது. பூட்டன் காலத்துச் சிவப்பு வெல்வெட். யார் எதை நெய்தாலும் அதைத் தடவிப் பார்த்து, அதே மென்மை வந்தால்தான் தறியிலிருந்து இறக்குவார்கள். அது போனால் தொழிலே போச்சு. அதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: மடிக்கக் கூடாது. மடித்த இடத்தில் இழை படுத்துவிடும், பிறகு எழுந்திருக்காது.

இந்த நேரம் பார்த்து மயில் ராசாவுக்கு வயிற்றெரிச்சல்.

"என் கழுத்தைவிடப் பளபளப்பாக நாட்டில் ஒரு துணியா? அத்தனை வெல்வெட்டையும் பிடுங்கி அடுப்பில் போடு!" என்று தலையாரி ஓணானை ஏவிவிட்டார்.

சேதி வந்ததும் அங்காயியின் புருஷன் நல்லாண்டி எட்டுக் காலாலும் ஓடிவந்தார்.

"ஏ புள்ள, சட்டுனு மடிச்சு அரிசிப் பானைக்குள்ள திணி!"

"மடிக்கிறதா? வீடு தீப்பிடிச்சப்பகூட உங்கப்பா இதை விரிச்சபடியே தூக்கிக்கிட்டு ஓடினாரு. நீங்க அவரு பிள்ளைதானா?"

"அவரு வேட்டி அவுந்தது தெரியாம ஓடினாரு! தலையாரி தெருமுனைக்கு வந்துட்டான்டி!"

அங்காயி கொடியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், கத்தியை எடுத்தாள்.

"ஐயோ, வெட்டப் போறியா?"

"வெட்டுறது நம்ம தொழில். மடிக்கிறதுதான் பாவம். திரும்பி நில்லுங்க."

மளமளவென்று வெட்டி, புருஷன், பிள்ளைகள், கடைசியில் தனக்கு என்று உடம்போடு ஒட்டத் தைத்துவிட்டாள். வாசலில் ஒரு கொத்து வேப்பிலையும் செருகினாள்.

ஓணான் உள்ளே வந்து கண்ணை உருட்டியது.

"என்னம்மா இது, குடும்பமே செக்கச்செவேல்னு?"

"அம்மை போட்டிருக்கு அண்ணே. ஆத்தா வந்து உக்காந்திருக்கா."

ஓணானுக்குச் சந்தேகம். நல்லாண்டியை ஒரு விரலால் தொட்டது. அவ்வளவுதான், பயத்தில் அவர் காலையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டு கிடந்தார்.

"பாத்தீங்களா, காலையில கஞ்சி குடிச்ச மனுஷன்!" என்று அங்காயி மூக்கைச் சிந்தினாள்.

"தாயே, தெரியாம தொட்டுட்டேன்!" ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டிக் கும்பிட்டபடி பின்னாலேயே நகர்ந்தது. வாசல் தாண்டியதும்தான் அதற்குத் தலையாரிக் குரல் வந்தது. "தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் ஒருத்தரும் வெளிய வரக் கூடாது, ஆமா!"

அங்காயி கதவைச் சாத்தினாள். புருஷன் முதுகை மெல்லத் தடவினாள். ஓர் இழைகூடப் படுக்கவில்லை.

"அப்பாடா! எந்திரிங்க, போயிட்டான்."

"நெசமாத்தானே?" என்று ஒரு காலை மட்டும் வெளியே நீட்டினார் நல்லாண்டி. அவள் சிரித்த சிரிப்பில் வேப்பிலை உதிர்ந்தது.

பிறகு ராசா கண்ணில் படாமல் குடும்பத்தோடு மண்ணுக்குள் இறங்கினார்கள். புதுப் பிள்ளை பிறந்தால், அம்மா முதுகைத் தடவிப் பார்த்துத்தான் அங்கே உடுப்பு நெய்வார்கள், தொழில் பிழைத்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்ற வானத்தைவிட்டால் வேறு யார்? முதல் மழை விழுந்ததும் வெளியே வந்தார்கள். மயில் ராசா அப்போது தோகையை விரித்து ஆட்டத்தில் இருந்தார். ஊரே கொள்ளை போனாலும் அவருக்குத் தெரியாது.

அன்று முதல்தான் தம்பலப்பூச்சி சிவப்பு வெல்வெட் உடுத்தி முதல் மழைக்கு வெளியே வருகிறது. தொட்டால் காலை இழுத்துக்கொண்டு அம்மை கண்டு செத்ததுபோலக் கிடக்கிறது.

தடவிப் பாருங்கள், நசுக்கிவிடாதீர்கள். மயில் வந்து விசாரித்தால் என் பேரை மட்டும் எடுக்காதீர்கள். என் வழுக்கை அதன் கொத்துக்குத் தாங்காது.