தாய் யார் என்று மூன்று முறை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், நம் தாத்தாக்களின் தாத்தாக்களே பிறக்காத நாளில், மாணிக்கபுரி என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த ராஜாவுக்கு மட்டக்குதிரை என்றால் உயிர். இடுப்பளவு உயரம், கண்ணை மறைக்கும் பிடரிமயிர். ஒவ்வொரு குட்டிக்கும் தாய், தகப்பன், உடம்புச் சுழி மூன்றையும் வம்ச ஏட்டில் எழுதி முத்திரை வைப்பார்கள். முத்திரை விழுந்தால்தான் அசல் வம்சம்.

அது மந்திர ஏடு. குட்டியைச் சபையில் நிறுத்தி, "இதற்குத் தாய் யார்?" என்று மூன்று முறை கேட்கவேண்டும். யார் எந்தப் பெயர் சொன்னாலும் எழுதியாகவேண்டும். யாரும் சொல்லாவிட்டால் எழுதுகிறவன் வைத்ததே பெயர். எழுதியது எழுதியபடியே ஆகிவிடும்.

ஏடு அரண்மனைக் கணக்கன் நீலகேசரியின் கையில் இருந்தது; முத்திரை விழும் குட்டிக்கு ஒரு பொற்காசு அவனுக்கு. தேனாகப் பேசுவான். தெருப்பிள்ளைகளுக்கு மடியிலிருந்து கற்கண்டு எடுத்துக் கொடுப்பான். எதற்குக் கொடுக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

லாயத்துக்குப் புல் சுமக்கும் செண்பகவடிவுக்கு மட்டும் உறுத்தியது. மூன்று நாளாக அவள் மகள் ஆவுடையைக் காணோம். கடற்கரையில் விளையாடப் போனவளை அலை இழுத்திருக்கும் என்றார்கள். அவள் நம்பவில்லை. லாயத்திலோ எல்லாம் பல் போன குதிரைகள். ஒன்றுக்கும் வயிறு தெரியவில்லை. ஆனாலும் அமாவாசைக்கு ஒரு குட்டி வந்துகொண்டிருந்தது. பால் குடிக்கப் போனால் குதிரைகள் உதைத்துத் தள்ளின.

"கிழட்டுக் குதிரைக்குக் குட்டி எங்கேருந்து வருது அண்ணாச்சி?" என்று லாயக்காரரைக் கேட்டாள்.

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். "புல்லைப் போட்டமா, போனமான்னு இரு தாயி."

பதிவு நாள் வந்தது. செம்பட்டைக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நீலகேசரி சுழி பார்த்துச் சொன்னான். நெற்றியில் இல்லை, கழுத்தில் இல்லை, உச்சியில் இரட்டைச் சுழி.

செண்பகவடிவுக்குப் புல்கட்டு நழுவியது. ஆவுடைக்கு முடி இறக்கிய அன்று, இவளுக்கு ரெண்டு கல்யாணம் என்று எல்லோரும் சிரித்த சுழி அல்லவா அது!

"இதற்குத் தாய் யார்?" ஒரு முறை கேட்டான். இரண்டாம் முறை அவசரமாக. மூன்றாம் முறை காதில் விழாதபடி. பேனா மையில் தோய்ந்தாயிற்று.

"நான்தான்" என்றாள் செண்பகவடிவு.

"அப்போ அப்பன் கழுதையா?" என்றான் ஒருத்தன். சபையே சிரித்தது. நீலகேசரி மட்டும் சிரிக்கவில்லை. அதை அவள் பார்த்தாள், ராஜாவும் பார்த்தார்.

"விதிப்படி எழுது" என்றார் ராஜா.

எழுதினான். குட்டி ஒரு தும்மல் தும்மியது. அங்கே ஆவுடை நின்றாள், நீலகேசரி கொடுத்த கற்கண்டு இன்னும் வாயில் கரையாமல்.

சேதி பரவியதும் பிள்ளையைத் தொலைத்த தாய்மார் எல்லோரும் ஓடிவந்து குட்டிகளின் தலையைத் தடவி அடையாளம் கண்டு, ஏட்டில் பெயரை மாற்றி எழுதவைத்துப் பிள்ளைகளை மீட்டார்கள். மந்திரி பேனாவை வாங்கிக்கொண்டு, நீலகேசரியைச் சபை நடுவில் நிறுத்தி, இவனுக்குத் தாய் யார் என்று மூன்று முறை கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இருப்பதிலேயே கிழட்டுக் குதிரையின் பெயரை எழுதினார். அது புதுக்குட்டியை முதல் வேலையாக ஓர் உதை விட்டது.

கடைசியில் மெலிந்த குட்டி ஒன்று மிஞ்சியது. அதன் தாய் அழுதே செத்துப்போனாளாம். ஒரு முறை கேட்டார்கள். இரண்டு முறை கேட்டார்கள்.

ஆவுடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு செண்பகவடிவு சொன்னாள்: "என் பேரையே எழுதிக்கோங்க."

மை காய்ந்தது. முழங்காலில் சிராய்ப்போடு ஒரு சிறுமி நின்றாள். கிட்டே வரவில்லை.

"நெசமாவா? ஏட்டுல என்ன போட்டிருக்கு?"

செண்பகவடிவு ஏட்டைப் பார்த்து வாசித்தாள்: "தாய், செண்பகவடிவு."

"இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தாள். சிறுமி மறுபடியும் கேட்டாள், அவள் மறுபடியும் வாசித்தாள். அதற்கப்புறம்தான் அந்தப் பிள்ளை கையைக் கொடுத்தது.