விரிப்பில் ஒரு மடிப்பு

அருளம்மை நடத்திய இல்லத்தில் படுத்த படுக்கையாகப் பதினொரு பேர் இருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவர்களைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பில் புண் வந்துவிடும்.

பிறந்தநாள், திதி என்று வந்து சாப்பாடு பரிமாறி, போட்டோ எடுத்துக்கொண்டு போக ஆட்களுக்குக் குறைவில்லை. புரட்டிப்போடத்தான் ஆள் கிடைக்காது. தவமணி அதை இரண்டு வருடமாகச் சும்மாவே செய்துவந்தாள். போன மாதம், "வயல் வேலைக்குப் போனாத்தாம்மா இனி அடுப்பெரியும்" என்றாள். அருளம்மை அவளுக்குச் சம்பளம் போட்டுக் கொடுத்தார்.

சபேசனுக்கு இது பொறுக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அருளம்மையைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் அவரையே குருவாக வரித்துக்கொண்டு தினமும் வந்துபோனார். குருவே ஆனாலும் தப்பைக் கண்டால் அவர் கை சிவப்பு மையைத் தேடும்.

"தொண்டுக்குக் கூலி வாங்கினா அது தொண்டாம்மா?"

"தெரியலை ஐயா. நீங்க சொல்லுங்க."

"வெறும் வேலைம்மா அது. அவ செய்யறதை நான் காசு வாங்காம செய்யறேன். அவளை நிறுத்திடுங்க."

அருளம்மை சற்று யோசித்தார். "பத்து நாள் செஞ்சு பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுவோம்."

தவமணி நடவுக்குப் போனாள். திரும்பி வரும்போது வேலை இருக்குமா என்று தெரியாமல், கண் கலங்கித்தான் போனாள்.

சபேசனைக் குறை சொல்ல முடியாது. செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு நேரம் தவறாமல் புரட்டினார். முகம் சுளிக்கவில்லை. "வசதியா இருக்கா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்.

"ரொம்ப நல்லாருக்குங்க ஐயா" என்று எல்லோரும் கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடு அவருக்கு இனிக்கவும் செய்தது.

ஏழாம் நாள் காலை, மாசிலாமணிக்கு உடம்பு துடைக்கப் போன அருளம்மை சபேசனைக் கூப்பிட்டார். மாசிலாமணி லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். அவருடைய இடுப்புக்குக் கீழே விரல் நீளத்துக்குச் சிவந்து, தோல் உரியத் தொடங்கியிருந்தது. அதே இடத்தில், விரிப்பில் ஒரு மடிப்பு.

சபேசன் குனிந்து பார்த்தார். "வலிச்சுதா?"

"ரெண்டு நாளா வலிச்சுதுங்க."

"தினமும் கேட்டேனேய்யா, வசதியா இருக்கான்னு! ஏன் சொல்லலை?"

மாசிலாமணி கூரையைப் பார்த்தார். "நீங்க எவ்வளவு பெரிய மனுசன். சும்மா வந்து செய்யறீங்க. தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமாங்க?"

"தவமணிகிட்ட மட்டும் சொல்லுவியா?"

"அவகிட்டயா!" மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "'சம்பளம் வாங்கறேல்ல, மடிப்பை நீவி விடு தாயி'ன்னு சத்தம் போடுவேன். அவளும் சும்மா விட மாட்டா. 'உனக்குப் பட்டு மெத்தை கேக்குதோ'ன்னு வைவா. வஞ்சுக்கிட்டே நீவி விடுவா."

"அவ சும்மா செஞ்ச ரெண்டு வருசமும்?"

"அப்ப வாயைத் தொறந்ததில்லீங்க."

சபேசன் விரிப்பை இழுத்து நீவினார். நீவிய இடத்தையே மறுபடி மறுபடி நீவினார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

அருளம்மை புண்ணுக்கு மருந்து தடவினார். "எம்மேலயும் தப்பிருக்கு ஐயா. நானும் தினம் பாத்திருக்கணும்."

மதியம் சபேசனே சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்த் தவமணியை மறுபடி வேலைக்கு வரச் சொல்லிவிட்டு வந்தார். சேற்றுக் காலோடு அவள் அப்போதே கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் அவர் அருளம்மையின் எதிரே வந்து நின்றார்.

"அப்ப நானும் சம்பளம் வாங்கணுமாம்மா?"

"உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே ஐயா."

"சும்மா செய்யறவன்கிட்ட வாயைத் தொறக்க மாட்டேங்கறாங்களே. நான் வந்து என்ன பிரயோசனம்? நாளையிலேருந்து நின்னுக்கட்டுமா?"

உள்ளே மாசிலாமணி தவமணியை ஏதோ திட்டுவது கேட்டது. அவள் பதிலுக்குத் திட்டினாள்.

அருளம்மை அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"மாசிலாமணி உங்களை ஒரு நாள் வையணும் ஐயா. அதுவரைக்கும் தினமும் வாங்க."