நர்சிங் ஆய்வகத்துப் பதினொரு விதிகள்

பாதுகாப்பு விதிகள் பதினொன்றையும் ஒன்று விடாமல் கடைப்பிடித்ததால், கருவேலம்பாறை மேல்நிலைப் பள்ளியின் நர்சிங் ஆய்வகத்தில் ஒரே வாரத்தில் மூன்று பேருக்கு அடிபட்டது. அதற்கு முந்தின பதினாறு வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. அப்போது விதியே கிடையாது.

நடந்தது இதுதான். நடுவில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

ஆய்வக உதவியாளர் சுயம்புலிங்கம். வீடு பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே. மதியம் மணி அடித்தால் ரோட்டைத் தாண்டுவார். சுடுசோறு சாப்பிடுவார். அரைமணி நேரம் கட்டையைச் சாய்ப்பார். அடுத்த மணிக்குத் திரும்பிவிடுவார். அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை கிடையாது.

நர்சிங் டீச்சர் பிரசவ லீவில் போனார். பள்ளிக்கூடத்தில் இருந்த புத்தியும் அவரோடு லீவில் போய்விட்டது. மறுவாரமே மாவட்டத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பதினொரு விதி. வியாழக்கிழமை அதிகாரி வருவார். ஒன்று பிசகினாலும் ஆய்வகத்தைக் கீழமுடுக்கு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். உதவியாளரையும் சேர்த்துத்தான்.

கீழமுடுக்குக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். சோறு தூக்குவாளியில். படுக்க இடம் கிடையாது. சுயம்புலிங்கம் சுற்றறிக்கையை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"எழுதியிருக்கிறதை அப்படியே செய்வோம்," என்றார் தலைமையாசிரியர் தேவசகாயம். "நாமளா யோசிக்க வேண்டாம். யோசிச்சாத்தான் தப்பு வரும்."

யாரும் யோசிக்கவில்லை.

தேவசகாயம், சுயம்புலிங்கம், விளையாட்டு வாத்தியார் இசக்கிராஜ். இந்த மூன்று பேர்தான் பாதுகாப்புக் குழு. இசக்கிராஜ் ஆறேகால் அடி உயரம். அதனால் சேர்த்தார்கள்.

முதல் விதி: ஆய்வகத்தில் யாரும் தனியாக இருக்கக் கூடாது.

திங்கட்கிழமை காலை சுயம்புலிங்கம் பூட்டைத் திறந்து உள்ளே கால் வைக்கப் போனார். இசக்கிராஜ் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணாச்சி, நில்லுங்க! நீங்க முதல்ல போனா, நான் வர்ற வரைக்கும் தனியாத்தான இருப்பீங்க?"

"அப்ப நீங்க முதல்ல போங்க சார்."

"நான் தனியா இருந்தா மட்டும் பரவாயில்லையா?"

நியாயம். இருவரும் சேர்ந்தாற்போல் நுழைந்தார்கள். வாசல் இரண்டரை அடி. இசக்கிராஜ் ஒருவரே இரண்டடி. சுயம்புலிங்கத்தின் தோள்பட்டை கதவு நிலையில் சிக்கியது. ஆள் உள்ளே போனார். தோல் நிலையிலேயே தங்கிவிட்டது. அடி ஒன்று.

தேவசகாயம் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் இடிச்சுக்கிட்டீங்க? உள்ளேதான் கோமதிநாயகம் இருக்காரே!"

கோமதிநாயகம் என்பது எலும்புக்கூடு. மூலையில் கனத்த இரும்புத் தாங்கியில் நிற்கும். நோயாளி அட்டையில் பெயர் எழுதிப் பழகப் பிள்ளைகள் வைத்த பெயர்.

"அவரு ஆளா, சாமானா சார்?" என்றார் இசக்கிராஜ்.

"சாமான்னா பேரு எதுக்குவே? பீரோவுக்குப் பேரு வச்சிருக்கா?"

"இருநூத்தியாறு எலும்பு இருக்கு," என்றார் சுயம்புலிங்கம். "நான் எண்ணியிருக்கேன். ஆளுக்கு உள்ளது அவ்வளவுதான்."

"எனக்கு அவ்வளவு இருக்குமான்னு தெரியல," என்றார் இசக்கிராஜ் கவலையோடு. "எண்ணினதில்லை."

ஆள்தான் என்று முடிவாகித் தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். பேனாவை மூடப்போன சுயம்புலிங்கம் பாதியில் நிறுத்தினார்.

"சார். அஞ்சு மணிக்குப் பூட்டிட்டுப் போறோமே. அப்ப அவரு தனியாத்தான இருக்காரு?"

பதினாறு வருஷப் பாவம்.

அன்று சாயங்காலம் கோமதிநாயகத்தை ரோட்டைத் தாண்டிக் கூட்டிப்போய்த் தன் வீட்டு முன்னறையில் நிறுத்தினார் சுயம்புலிங்கம். அவர் மனைவி செண்பகவடிவு ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு இது?"

"கூட வேலை பாக்கிறவரு."

"உங்களை மாதிரி சோத்துக்குக் குறை சொல்ல மாட்டாரு போல. இருக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை காலை கோமதிநாயகம் சுயம்புலிங்கத்தோடு வேலைக்குத் திரும்பினார். அன்று இரண்டாம் விதி. எதையும் தொடுமுன் கைகளைக் கழுவ வேண்டும்.

சுயம்புலிங்கம் குழாயிடம் போனார். கையை நீட்டினார். மடக்கிக்கொண்டார்.

"சார், குழாயைத் தொடணும்னா முதல்ல கை கழுவணுமே?"

"கழுவிட்டுத் தொடும்."

"கழுவுறதுக்குக் குழாயைத் தொடணுமே?"

தேவசகாயம் நாற்காலியைத் தேடினார். அதையும் தொட முடியாது. நின்றுகொண்டே யோசித்தார். யோசிக்கக் கூடாது என்று சொன்னவர் அவர்தான்.

கடைசியில் இசக்கிராஜ் வெளியே போய் ஜன்னல் வழியாகக் குடையை விட்டார். வெளியே நிற்பவருக்கு விதி கிடையாது. குடையின் வளைந்த பிடியால் குழாயைத் திருகினார். தண்ணீர் கொட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள். மூடத்தான் வரவில்லை. குடை ஒரு பக்கமாகத்தான் திருகும்.

"ஓடட்டும்," என்றார் தேவசகாயம். "நாளைக்கும் கழுவணும்லா."

ஓடியிருந்தால் சரி. நான்காம் விதி, கழுவு தொட்டியின் துளைக்குள் எதுவும் போகக் கூடாது என்று சொன்னது. எதுவும் என்றால் தண்ணீரும்தான். கழுவின கையோடு அவர்கள் கோணித்துணியைச் சுருட்டித் துளையை அடைத்துவிட்டார்கள். மதியத்துக்குள் தரையெல்லாம் கணுக்கால் தண்ணீர்.

"துடைச்சிரலாமே," என்றார் இசக்கிராஜ்.

"துடைக்கிற துணியைத் தொடணும்னா கை கழுவணும். கழுவினா இன்னும் தண்ணி வரும்," என்றார் சுயம்புலிங்கம்.

புதன்கிழமை. முடியைக் கட்டாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. தேவசகாயத்துக்குச் சுத்த வழுக்கை. ஒரு மணி நேரம் வராந்தாவில் நின்றார். பிறகு இடது காதுக்கு மேலே எட்டு முடி இருப்பதை இசக்கிராஜ் கண்டுபிடித்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் சிவப்பு ரிப்பன் வாங்கிக் கட்டினார்கள். தலைமையாசிரியர் கம்பீரமாக உள்ளே நுழைந்தார்.

அடுத்து, ஆய்வகத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் வெள்ளைக் கோட்டு, தொப்பி, முகக்கவசம், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். கோமதிநாயகம் ஆள் என்று தீர்மானமே இருக்கிறது. அவருக்கும் எல்லாம் போட்டார்கள். அவருக்குத்தான் பொருத்தமாகவும் இருந்தது.

முதலுதவிப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

"யார் கைக்கு?" என்றார் சுயம்புலிங்கம்.

"விதியில ஆள் பேரு இல்லை. இருக்கிறதுல நல்ல கைக்கு எட்டட்டும்."

இசக்கிராஜ் கையைத் தூக்கினார். விரல் நுனி பட்ட இடத்தில் ஆணி அடித்துப் பெட்டியை மாட்டினார்கள். அதை அண்ணாந்து பார்த்து ரசித்தபடியே இசக்கிராஜ் ஓர் அடி பின்னால் வைத்தார். தண்ணீரில் வழுக்கித் தடாலென்று விழுந்தார். இடுப்பில் அடி. அது இரண்டு.

"பெட்டியை எடுங்கவே!" என்று அலறினார்.

"நீங்க எழுந்திரிச்சாத்தான் எட்டும் சார்," என்றார் சுயம்புலிங்கம்.

"எழுந்திரிக்க முடிஞ்சா பெட்டி எதுக்கு?"

தேவசகாயம் குடையை எடுத்துப் பெட்டியைக் கொக்கி போட்டு இழுத்தார். பெட்டி வந்தது. நேராக ரிப்பன் கட்டிய தலையில் வந்தது. அடி மூன்று.

பதினொன்றாம் விதி, விபத்து நடந்தால் உடனே தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கச் சொன்னது. சுயம்புலிங்கம் அங்கேயே எழுதினார். தேவசகாயம் ஒரு கையால் புடைப்பைப் பிடித்துக்கொண்டு படித்தார்.

"அடப் பாவமே! ரொம்ப அடியா?"

"நீங்கதான் சார் சொல்லணும்."

"விசாரிச்சு நாளைக்குச் சொல்லுதேன்."

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி அம்மா மங்கையர்க்கரசி வந்து இறங்கினார். சோடாப்புட்டி மாதிரி கண்ணாடி. சிரித்துப் பழக்கம் இல்லாத முகம். இடுப்பில் பட்டையோடு ஒருவர், தலையில் கட்டோடு ஒருவர், தோளில் பிளாஸ்திரியோடு ஒருவர் வரவேற்றதைப் பார்த்து முகம் இன்னும் கடுத்தது.

"இது ஆய்வகமா, வார்டா?"

சுயம்புலிங்கத்தின் கண்ணில் தூக்குவாளி தெரிந்தது. இருந்தாலும் கடமையை விடவில்லை.

"அம்மா, மன்னிக்கணும். உள்ளே பாதுகாப்புக் கண்ணாடி மட்டும்தான் போடலாம். ஒன்பதாம் விதி." அம்மாவின் கண்ணாடியைக் கழற்றி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, ஆய்வகத்துக் கண்ணாடியை மாட்டிவிட்டார்.

அந்த அம்மாவுக்கு உலகம் புகையாய்ப் போனது. வாசலைத் தாண்டி நான்கு அடி வைத்தார். கால் வழுக்கியது.

மூன்று பேரும் பார்த்தார்கள். பிடிக்க ஓட வேண்டும். ஆய்வகத்தில் ஓடக் கூடாது. ஆறாம் விதி. மூவரும் நிதானமாக நடக்கத் தொடங்கினார்கள்.

சாயும்போது அதிகாரி அம்மா கையை வீசினார். ஒரு கையுறை அகப்பட்டது. இறுகப் பற்றினார். இரும்புத் தாங்கி அசையவில்லை. கோமதிநாயகமும் அசையவில்லை. அம்மா நிமிர்ந்து நின்றார்.

"நல்லவேளை, இவராவது இருந்தார்," என்றார் மூச்சு வாங்க. எதிரே கோட்டு, தொப்பி, முகக்கவசம் எல்லாம் போட்டு விறைப்பாக ஓர் ஆள் நிற்பது மங்கலாகத் தெரிந்தது. "கை மெலிசா இருக்கு. ஆனா என்ன பிடி! யார் இவர்?"

"கோமதிநாயகம், அம்மா," என்றார் சுயம்புலிங்கம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"எத்தனை வருஷமா இங்கே இருக்கார்?"

"பதினாறு வருஷம்."

"லீவு?"

"ஒருநாளும் எடுத்ததில்லை."

"ஆய்வகத்தில் உட்கார்ந்து தின்கிற பழக்கம்?"

"பச்சைத் தண்ணி குடிச்சுப் பாத்ததில்லை அம்மா."

"தேவையில்லாம எதையாவது தொடுவாரா? வம்பு பேசுவாரா?"

"தானா கையைத் தூக்கினதே கிடையாது. பேச்சுங்கிறதே இல்லை."

அதிகாரி அம்மா பற்றிய கையை விடவில்லை. "இருபது வருஷமா இப்படி ஒரு ஊழியரைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்," என்றார். கோமதிநாயகத்தின் கையைக் குலுக்கிவிட்டு, வழி கேட்டு வெளியே போனார். கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு அங்கேயே அறிக்கை எழுதினார்.

ஆய்வகம் கருவேலம்பாறையிலேயே இருக்கும். மாவட்டத்து உதவியாளர்கள் அனைவரும் மாதம் ஒரு திங்கட்கிழமை அங்கே வந்து திரு. கோமதிநாயகத்திடம் பயிற்சி பெற வேண்டும்.

சுயம்புலிங்கம் மணி அடிக்குமுன்பே ரோட்டைத் தாண்டிவிட்டார். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அதற்குள் மாடித் தொட்டி வற்றிக் குழாயும் நின்றுபோயிருந்தது.

முதல் பயிற்சிக்கு இருபத்துமூன்று பேர் வந்தார்கள். இரண்டு மணி நேரம் எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக் குறிப்பு எடுத்தார்கள். ஒருவர் எழுந்து சந்தேகம் கேட்டார். பதில் இல்லை. "அசட்டுக் கேள்வி கேட்டா இப்படித்தான்," என்று பக்கத்து ஆள் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்.

அன்றுமுதல் அந்த மாவட்டத்தில் எந்த ஆய்வகத்திலும் விபத்து கிடையாது. உதவியாளர்கள் காலையில் வருகிறார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு மூலையில் நிற்கிறார்கள். ஐந்து மணிக்குப் போகிறார்கள்.

பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் ஒருநாள் மதியம் ஜீப்பில் வந்து, இதையெல்லாம் சரிசெய்த புண்ணியவான் யார் என்று விசாரித்தார்கள். சுயம்புலிங்கம் பாயில் படுத்தபடியே, கண்ணைத் திறக்காமல், எதிர்ப்பக்கம் கையைக் காட்டிப் பெயரைச் சொன்னார்.

கோமதிநாயகம்.