அப்பா காரின் குலுக்கல்

கரூர்ப் பக்கம் அர்த்தநாரி என்று ஒரு மில் முதலாளி. அப்பாவின் பழைய கார் என்றால் அவருக்கு உயிர். அடிச்சட்டம் துருப்பிடித்து இற்றுப்போகவே, பாடியை மட்டும் கழற்றிப் புது ஜீப் அடிச்சட்டத்தில் மாட்டித் தரும்படி வெல்டர் நாச்சிமுத்துவிடம் விட்டார்.

"ஓட்டம் மட்டும் அப்பா கார் மாதிரியே இருக்கோணும். இல்லேன்னா பட்டறையைக் காலி பண்ணு. இடம் என்னுது."

நாச்சிமுத்து மாட்டி முடித்தான். முதலாளி பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து முகத்தைச் சுளித்தார்.

"அலுங்காமப் போகுது. அப்பா கார்ல இருந்த குலுக்கல் எங்கடா?"

"நான் ஓட்டறனுங்க. நீங்க பின்னால உக்காருங்க."

மில்லுக்குச் சொந்தமான பழைய சாலையில் காரை விட்டான். தொழிலாளர்கள் தினமும் சைக்கிளில் வருகிற வழி அது. முதலாளியின் தலை மூன்று முறை கூரையில் இடித்தது.

"இதேதான்!" என்று பூரித்துப்போய்க் கத்தினார். "அப்படியே அப்பா கார்! என்னடா பண்ணுனே?"

"கார்ல ஒண்ணும் பண்ணலீங்க. இந்த ரோடு உங்கப்பா போட்டதுங்க. அதுக்கப்புறம் யாரும் கைவெக்கலீங்க."

முதலாளி இடித்த தலையைத் தடவிக்கொண்டே சாலையை எட்டிப் பார்த்தார். மறுவாரமே சாலைக்குத் தார் வந்து இறங்கியது.

இப்போது அந்தக் கார் எங்கேயும் குலுங்குவதில்லை. முதலாளியும் ஏன் என்று கேட்பதில்லை.