மகாராணி தைத்த அங்கி

நீர்மங்கலத்து அரசர் செண்பகமாறன் எந்தப் போருக்கும் பயந்தவர் இல்லை. ஆனால் மகள் பொன்னெழிலின் கல்யாணத்துக்கு நாள் குறித்த அன்று, மகாராணி கோமளவல்லி கையில் ஊசியோடு வந்து நின்றபோது கொஞ்சம் பயந்துதான் போனார்.

"நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வெளியார் ஊசி படக் கூடாது. குடும்பத்தார் எல்லோருக்கும் நானே தைக்கப் போகிறேன்" என்றாள் மகாராணி.

"உனக்குத் தைக்கத் தெரியுமா?"

"கற்றுக்கொள்கிறேன். மகள் நாளைக்கு ஊரைத் தாண்டிப் போய்விடுவாள். நான் போட்ட தையலாவது அவள் கூடப் போகட்டுமே."

அரசர் சரியென்று தலையாட்டினார்.

இரண்டு மாதம் அந்தப்புரத்தில் வேறு வேலையே நடக்கவில்லை. மகளின் ரவிக்கையை மகாராணி ஏழு முறை பிரித்துத் தைத்தாள். எட்டாம் முறை, அரண்மனைத் தையற்காரரே வாய் பிளக்கும்படி கச்சிதமாக வந்தது. அண்ணன் மகள்களுக்குப் பாவாடை, தங்கை பிள்ளைகளுக்குச் சட்டை என்று முடித்து, கடைசியாக அரசரின் அங்கிக்கு வந்தபோது நாளும் இல்லை, கண்ணும் இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் அங்கி வந்தது. அரசர் போட்டுப் பார்த்தார். வலது கை விரல்களையும் தாண்டி ஒரு சாண் தொங்கியது. இடது கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிட்டது.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள் மகாராணி. அவள் விரல் நுனிகள் ஐந்திலும் துணி சுற்றியிருந்தது. அத்தனை ஊசிக்குத்து.

"பிரமாதம்!" என்றார் அரசர்.

அவள் போனதும் ஆளனுப்பி மருதப்பரை வரவழைத்தார். சபையில் எந்தச் சிக்கலையும் வாயாலேயே அவிழ்க்கிறவர் மருதப்பர்.

"மருதப்பரே, நன்றாகக் கேளும். நாளைக்கு இந்த அங்கியைத்தான் போடுவேன். ஒரு தையலைப் பிரிக்கக் கூடாது. ராணியிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. ஆனால் சபையில் ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. சிரித்தார்களோ, இதே அங்கியை நீர் மாட்டிக்கொண்டு ஏழு தெருவும் சுற்றி வர வேண்டும்."

மருதப்பர் அங்கியை முன்னும் பின்னும் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"போட்டுக்கொண்டு வாருங்கள் அரசே. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

மறுநாள் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. விருந்துக்குத்தான் அரசர் அந்த அங்கியை மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளையின் தந்தையான கோடிக்குன்றத்து அரசரும் அவருடைய சுற்றமும் விருந்து மண்டபத்தில் வந்து அமர்ந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வீரகண்டர் என்று ஒருவர். பாயசத்தில் எத்தனை திராட்சை குறைகிறது என்று பார்க்கிற மனிதர். செண்பகமாறன் வரவேற்கக் கையை நீட்டியதும் அவர் கண் அந்த அங்கியில் போய் நின்றது.

"அடடா! சம்பந்தி அரசருக்குக் கை கொஞ்சம் நீளம் போலிருக்கிறதே!"

கை நீளம் என்றால் திருடன் என்று அர்த்தம் ஆயிற்றே! தளபதியின் விரல்கள் வாளின் பிடியைத் தொட்டன. அரசரின் முகம் சிவந்தது. பெண்கள் பக்கம் நின்றிருந்த மகாராணி அப்போதுதான் அந்த அங்கியைத் தூரத்திலிருந்து முழுதாகப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

மருதப்பர் சிரித்த முகமாக எழுந்தார்.

"ஐயா சொன்னது உண்மைதான். எங்கள் அரசருக்குக் கை நீளம்தான். கொடுக்கிற கை நீளம்! வாங்குகிற கையைப் பாருங்கள், முழங்கையைக்கூடத் தாண்டவில்லை. தைத்தவர் எங்கள் மகாராணி. இருபது வருடம் கூடவே வாழ்ந்தவருக்குத் தெரியாத அளவா?"

"ஓகோ!" என்றார் கோடிக்குன்றத்து அரசர்.

மருதப்பர் விடவில்லை. வீரகண்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"தங்கள் சட்டையில்தான் இரண்டு கையும் ஒரே அளவு. கொடுத்ததை அப்படியே திரும்ப வாங்கிவிடுவீர்களோ?"

வீரகண்டர் அவசர அவசரமாகத் தன் சட்டையின் இடது கையை மேலே சுருட்டிவிட்டார். அதைப் பார்த்துச் சபையே சிரித்தது. கோடிக்குன்றத்து அரசர் சிரித்துக்கொண்டே தன் இடது கையையும் சுருட்டினார். மாப்பிள்ளை சுருட்டினார். பந்தியில் இருந்த அத்தனை பேரும் சுருட்டினார்கள்.

விருந்து முடிந்ததும் மகாராணி மருதப்பரை அழைத்தாள்.

"அளவு தப்பியது எனக்குத் தெரியும். எனக்காகப் பொய் சொன்னீரா?"

"அளவு தப்பியிருக்கலாம் தாயே. நான் சொன்ன பொருள் தப்பவில்லையே?"

மகாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "உமக்கும் ஒரு சட்டை தைத்துத் தருகிறேன்."

மருதப்பருக்கு வியர்த்தது. "ஐயோ தாயே! தாங்கள் தைத்ததைக் குடும்பத்தார்தானே உடுத்த வேண்டும்?"

"இன்று முதல் நீரும் எங்கள் குடும்பம்தான்" என்றார் பக்கத்தில் இருந்த அரசர், மீசைக்குள் சிரித்தபடி.

"அப்படியானால்... ஒரு மேல்துண்டு போதும் தாயே. ஓரம் மட்டும் தைத்தால் போதும்." துண்டுக்குக் கை ஏது, கழுத்து ஏது? தப்பித்தோம் என்று நினைத்தார்.

ஒரு மாதம் கழித்துத் துண்டு வந்தது. பட்டுத் துண்டு, ஓரமெல்லாம் பொன்னிழை. மருதப்பர் சபையில் விரித்துப் பார்த்தார். நாலு மூலைக்குப் பதில் ஐந்து மூலை இருந்தது.

"எல்லாவற்றுக்கும் பொருள் சொல்வீரே மருதப்பரே, இதற்குச் சொல்லும் பார்ப்போம்!" என்றார் அரசர்.

"நாலு மூலையும் தங்கள் புகழ் பரவும் நாலு திசை, அரசே."

"ஐந்தாவது?"

"இனிமேல் இப்படிக் கண்டதற்கெல்லாம் பொருள் சொல்லாமல், என் வாயைப் பொத்திக்கொள்ள!"

அரசர் சிம்மாசனத்திலிருந்து விழாத குறையாகச் சிரித்தார்.