தட்டுக்கு வந்த தவிட்டுக்குருவிகள்

பொன்னுத்துரையின் தோட்டத்தில் ஏழு தவிட்டுக்குருவிகள் வாழ்ந்தன. தவிட்டுக்குருவிகளுக்குத் தனியாக இருக்கத் தெரியாது. தின்பதும் தூங்குவதும் சண்டை போடுவதும் கூட்டமாகத்தான். காலையில் மருதாணி வேலியிலிருந்து இறங்கும். கொய்யா மரத்தடியில் சருகைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்கும்.

அவற்றுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மற்றவர்கள் கீழே மேயும்போது ஒருவர் முருங்கைக் கிளையில் நின்று காவல் பார்க்க வேண்டும். காவல் நிற்பவர் 'கிர்ர், கிர்ர்' என்று மெல்ல முனகிக்கொண்டே இருப்பார். பயமில்லை, சாப்பிடுங்கள் என்று அதற்கு அர்த்தம். 'கீச்' என்று கத்தினால் எல்லோரும் யோசிக்காமல் பறந்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து வேறொருவர் மேலே போய் அவரை இறக்கிவிடுவார். சருகுக்குள் இருக்கும் பூச்சி எங்கே ஓடிவிடப் போகிறது? காவல் நின்று யாரும் பட்டினி கிடந்ததில்லை.

பொன்னுத்துரை நல்ல மனிதர். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தவர் அவர். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. ஒருநாள் காலையில் எவர்சில்வர் தட்டில் பழைய சோற்றையும் நொறுக்கிய முறுக்கையும் போட்டுத் துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்தார். கரண்டியால் தட்டை 'டிங் டிங்' என்று தட்டினார். "வாங்கடா, வாங்க, யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்று கூப்பிட்டார்.

முதல் நாள் யாரும் போகவில்லை. இரண்டாம் நாள் கூட்டத்தின் தலைவன் நரைத்தலையன் போனான். முறுக்கு ருசியாக இருந்தது. மூன்றாம் நாள் எல்லோரும் போனார்கள். பத்தாம் நாள் தட்டுச் சத்தம் கேட்பதற்கு முன்பே கல்லைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுத்துரைக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. நரைத்தலையனுக்கு 'மைனர்' என்று பெயர்கூட வைத்தார். அன்றிலிருந்து நரைத்தலையன் நடக்கிற நடையே மாறிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். தட்டில் இருப்பது சருகுப் பூச்சி மாதிரி இல்லை. ஐந்தே நிமிஷத்தில் காலியாகிவிடும். காவல் நின்றவர் இறங்கி வரும்போது தட்டில் ஈரம்தான் மிச்சம் இருக்கும். அதனால் யாருக்கும் மேலே போக மனம் வரவில்லை. "நேத்து நான் நின்னேன்", "எனக்குக் கால் வலி", "இன்னிக்கு அவன் முறை" என்று தினமும் சண்டை.

கடைசியில் குட்டைவாலிதான் போவாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மகள் பொடிச்சி, மகன் துடுக்கன். போன மாதம்தான் கூட்டை விட்டு இறங்கியவர்கள். பிள்ளைகள் கீழே தின்னும்போது மேலே ஒருவர் இல்லையென்றால் அவளுக்குச் சோறு இறங்காது. எல்லோரும் தின்று முடித்த பிறகு அவள் தனியாகச் சருகைப் புரட்டிக்கொள்வாள்.

அந்த வீட்டுப் பின்வாசலில் ஒரு சாம்பல் பூனையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பொன்னுத்துரை அதற்கு மத்தியானம் மீன் தலை போடுவார். காலையில் அது மதில் மேல் படுத்துத் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு முறை பாய்ந்தும் பார்த்தது. இரண்டு முறையும் மேலிருந்து 'கீச்' என்று சத்தம் வந்தது. தட்டில் முறுக்குத்தூள்தான் மிஞ்சியது.

பூனை யோசித்தது. பிறகு ஒரு மத்தியானம், நரைத்தலையன் மாமரத்தில் தனியாக இருந்தபோது, மதில் மேல் மரியாதையான தூரத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தது.

"பெரியவரே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"ரெண்டு தடவை பாய்ஞ்சவன் நீ. உன்கிட்ட எனக்கு என்ன பேச்சு?"

"அது பசி நேரத்துப் புத்தி. இப்ப எனக்குத் தினமும் மீன் கிடைக்குது. உங்களைத் தின்னு எனக்கு என்ன ஆகணும்? நான் சொல்ல வந்தது வேற. ஐயா மனசு சங்கடப்படுறார்."

"என்னத்துக்கு?"

"ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போறோம். இலை போட்டுப் பரிமாறுறாங்க. வாசல்ல ஒரு ஆளை நிறுத்தி, இந்த வீட்டுக்காரன் நம்மளை ஏதாவது செஞ்சிடுவானான்னு பார்த்துக்கிட்டே சாப்பிட்டா அந்த வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்? 'மைனர்கூட என்னை நம்பலையே'ன்னு நேத்து என்கிட்ட சொல்லி வருத்தப்பட்டார்."

பொன்னுத்துரை அப்படி எதுவும் சொல்லவில்லை. காவல் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் நரைத்தலையனுக்கு முகம் சுண்டிப்போனது. சோறு போட்ட மனிதரை அவமானப்படுத்திவிட்டோமே என்று மனம் குத்தியது. அதோடு, காவல் ஒழிந்தால் தினசரிச் சண்டையும் ஒழியும். மனத்துக்குப் பிடித்த பொய்யை எவன் விசாரித்துப் பார்ப்பான்?

மறுநாள் காலையில் கூட்டத்தைக் கூட்டிச் சொன்னான். "இனிமே தட்டுக்குப் போகும்போது காவல் வேண்டாம். அது நம்ம ஐயாவுக்கு மரியாதைக் குறைச்சல்."

எல்லோரும் தலையாட்டினார்கள். குட்டைவாலி மட்டும் ஆட்டவில்லை.

"பெரியப்பா, அவர் நல்லவர்தான். அவருக்கு நாம காவல் வைக்கலையே. பூனைக்குத்தானே வைக்கிறோம்?"

"பூனையும் அதே கையில சாப்பிடுறவன். நாமெல்லாம் இப்ப ஒரு வீட்டுக்காரங்க."

"பூனைக்குப் பசி இல்லைன்னாலும் நகம் இருக்கே பெரியப்பா."

"உனக்கு எப்பவும் சந்தேகம். சந்தேகப்படுறவளுக்கு எங்க போனாலும் நிம்மதி கிடையாது."

தட்டுச் சத்தம் கேட்டதும் மற்றவர்கள் கீழே போனார்கள். அவள் முருங்கைக் கிளைக்குப் போனாள். யாரும் அனுப்பவில்லை. யாரும் ஆள் மாற்றவும் வரவில்லை.

பூனை நகர்ந்தால் அவள் கத்துவாள். முதலில் பறந்தார்கள். பிறகு முணுமுணுத்துக்கொண்டே பறந்தார்கள். திரும்பி வருவதற்குள் காகம் வந்து தட்டைக் காலி செய்துவிடும். நரைத்தலையனுக்கு எரிச்சல் வந்தது.

"அவளுக்குத் தட்டுல பங்கு கிடைக்கலைன்னு வயித்தெரிச்சல். நாம தின்னும்போது கத்துறா. இனிமே அவ கத்தினா யாரும் எழுந்திருக்காதீங்க."

பிள்ளைகளுக்கும் அதுவே பாடமானது. ஒருநாள் குட்டைவாலி பொடிச்சியையும் துடுக்கனையும் கொய்யா மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். "இந்தச் சருகை இப்படிப் புரட்டு. அடியில வெள்ளைப் புழு இருக்கும். தட்டு இல்லாத நாளும் வரும்மா" என்றாள்.

பொடிச்சி இரண்டு சருகைப் புரட்டினாள். துடுக்கன் ஒரு புழுவைக் கொத்திவிட்டுத் துப்பினான். "மண்ணு வாடை அடிக்குதும்மா. முறுக்கே நல்லாயிருக்கு. நீயும் வா, கீழ வந்து எல்லார் மாதிரியும் சாப்பிடு. எங்களுக்கு வெட்கமா இருக்கு."

அவர்களை இழுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று அவள் நினைத்ததுண்டு. பிள்ளைகள் வரமாட்டார்கள் என்றும் தெரியும். அதனால் கிளையிலேயே நின்றாள்.

ஆவணி மாதத்தில் ஒரு காலை. குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. வால் நுனிதான். குட்டைவாலி உயிரைக் கொடுத்துக் கத்தினாள்.

கீழே ஆறு தலைகள் நிமிர்ந்தன. ஐந்து தலைகள் தலைவனைப் பார்த்தன.

"ஆரம்பிச்சுட்டா" என்று சொல்லிவிட்டு நரைத்தலையன் மறுபடி குனிந்தான்.

பொடிச்சி அம்மாவின் குரலைக் கேட்டுப் பாதி இறக்கை விரித்திருந்தாள். சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் பறக்கவில்லை. தான் மட்டும் பறந்தால் சிரிப்பார்களே என்று கூச்சமாக இருந்தது. இறக்கையை மடக்கிக்கொண்டாள். பூனைக்கு அவ்வளவு நேரம் போதுமானதாக இருந்தது.

தட்டு கல்லிலிருந்து உருண்டு விழுந்தது. ஐவர் பறந்தார்கள். பூனை பொடிச்சியை வாயில் கவ்விக்கொண்டு மதில் ஏறியது. அவள் கால் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. குட்டைவாலி அதன் தலை மேல் விழுந்து விழுந்து கொத்தினாள். பூனை கண்ணை மட்டும் மூடிக்கொண்டு அடுத்த வீட்டுப் பக்கம் குதித்துவிட்டது.

பொன்னுத்துரை துடைப்பத்தோடு ஓடி வந்தார். கிடந்த இறகுகளைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். "நானே கூப்பிட்டுக் கொன்னுட்டேனே" என்றார். அந்த அழுகையில் பொய் இல்லை. மத்தியானம் பூனை பின்வாசலில் வந்து நின்று கத்தியது. திட்டித் தீர்த்தார். ஒரு கல்லை எடுத்து ஓங்கினார். பிறகு கல்லைக் கீழே போட்டார். "அதுவும் ஒரு உயிர்தானே, அதுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிக்கொண்டே மீன் தலையைப் போட்டார்.

மறுநாள் தட்டில் சோற்றோடு முந்திரிப்பருப்பும் இருந்தது. அவருடைய துக்கம் அப்படி வெளிப்பட்டது. ஐவரும் போனார்கள். அந்த ஐவரில் துடுக்கனும் ஒருவன். முந்திரி தீர்ந்த பிறகு மாமரத்தில் கூட்டம் நடந்தது.

"இப்பவாவது காவல் வைங்க பெரியப்பா" என்றாள் குட்டைவாலி. "என் பொண்ணு போயிட்டா. இன்னொரு பிள்ளை மிச்சம் இருக்கு. வேற யாரும் நிக்க வேண்டாம், நானே நிக்கிறேன். நான் கத்தினா பறங்க. அது போதும்."

அவள் சொல்வது சரி என்று நரைத்தலையனுக்குத் தெரியும். சரி என்று சொன்னால் பொடிச்சியின் சாவு தன் தலையில் விழும் என்பதும் தெரியும்.

"பொடிச்சி ஏன் செத்தா தெரியுமா?" என்றான் எல்லோரையும் பார்த்து. "இவ திடீர்னு கத்தினா. பிள்ளை மிரண்டு தடுமாறிடுச்சு. இவ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, பிள்ளை தானே பார்த்துப் பறந்திருக்கும்."

ஒருவர் "ஆமா" என்றார். இன்னொருவர் "எனக்கும் அப்படித்தான் தோணிச்சு" என்றார். பொடிச்சியோடு ஒரே தட்டில் தின்றவர்கள் அவர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே பறக்காமல் இருந்தவர்கள். அவர்களுக்கும் இந்தக் காரணம் வசதியாக இருந்தது.

"துடுக்கா, நீ சொல்லுடா" என்றான் நரைத்தலையன்.

துடுக்கன் அம்மாவைப் பார்க்கவில்லை. "அம்மா கத்தாம இருந்திருக்கலாம்" என்றான்.

முதல் கொத்து யாருடையது என்று தெரியவில்லை. ஐந்து பேரும் சேர்ந்து அவளைக் கிளையிலிருந்து தள்ளினார்கள். வேலிவரை விரட்டினார்கள். அவள் திருப்பிக் கொத்தவில்லை. கூட்டத்துக்குள் மகன் இருந்தான், அலகு தப்பி அவன் மேல் பட்டுவிடக் கூடாது என்று பயந்தாள். அவன் பயப்படவில்லை. அவள் கழுத்தில் கடைசியாக விழுந்த கொத்து அவனுடையது.

தவிட்டுக்குருவிக்குத் தனியாக வாழத் தெரியாது என்று சொன்னேனே. அவள் எங்கே போனாள், எத்தனை நாள் இருந்தாள் என்று யாரும் விசாரிக்கவில்லை. மதில் மேல் பூனை ஆளில்லாத முருங்கைக் கிளையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, நிம்மதியாகக் கைகால் நீட்டிப் படுத்தது.

அன்போடு சோறு போடுகிறவரே நம்மைக் காப்பாற்றியும் விடுவார் என்று நம்பித் தங்கள் காவலைக் கைவிடுகிறவர்கள் முதலில் தங்கள் பிள்ளைகளை இழப்பார்கள், பிறகு தங்களை எச்சரித்தவரையே குற்றவாளியாக்கித் துரத்துவார்கள்.