கள்ளிக்கு முள் ஏன் ஜோடி ஜோடியாக இருக்கிறது

மரமும் மனுஷரும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், செம்மணல் மேடான தேரிக்காட்டில் சதுரக்கள்ளிக்கு முறம் அகலத்துக்கு இலைகள் இருந்தன. நம்பக் கஷ்டம்தான். வாழை வளராத அந்தச் சீமையில் கல்யாணப் பந்திக்கே கள்ளியிலைதான் போடுவார்கள். கள்ளிக்குத் தலைகால் புரியாத பெருமை. ஒவ்வொரு இலையின் அடியிலும் இரண்டு குட்டிச் செதில்கள் காவல் நின்றன. அவற்றை அது ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

பிறகு மூன்று வருஷம் மழை இல்லை. வேர் மண்ணைத் துழாவி ஒரு மிடறு தண்ணீர் ஏற்றி அனுப்பும். உச்சிப்பொழுதுக்குள் இலைகள் அதை வெயிலுக்குத் தாரைவார்த்துவிடும். நாலாம் கோடையில் வேர் கையை விரித்தது. இன்னும் பத்து நாள்தான் தாங்கும் என்றது.

கள்ளி இரண்டு நாள் யோசித்தது. மூன்றாம் நாள் இலைகளைப் போகச் சொன்னது. இலைகள் அழுதன.

"வெயிலை வாங்கிச் சோறாக்குறது நாங்க. நாங்க போயிட்டா உனக்கு யாரு ஆக்கிப்போடுவா?"

"நானே ஆக்கிக்கிடுதேன்" என்றது தண்டு.

ஒரே காற்றில் அத்தனை இலையும் உதிர்ந்தது. தண்டு பட்டையைக் கழற்றிவிட்டுப் பச்சை உடம்பை வெயிலுக்குக் காட்டியது. இருந்த தண்ணீரை உள்ளேயே தேக்கிப் பருத்தது. காவல் செதில்கள் மட்டும் இடத்தை விட்டுப் போகவில்லை. காய்ந்து, இறுகி, கூராகி நின்றன.

பக்கத்துப் பூவரசு சிரித்தது. இலை இல்லாத மரத்துக்கு விறகு என்றுதான் பேர் என்றது. கள்ளிக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் வெயிலை வாங்கிச் சோறாக்குகிற வேலையை விடவில்லை.

ஒரு மாதம் கழித்து ஆடு மேய்க்கும் மாடத்தி அரிவாளோடு விறகுக்கு வந்தாள். கள்ளியைச் செம்புழுதி மூடியிருந்தது. பட்டுப்போன மரம் என்றே நினைத்தாள். ஆனால் வெட்டுவதற்கு முன் நகத்தால் கீறிப் பார்ப்பது அந்த ஊரார் வழக்கம். உள்ளே பச்சை இருந்தால் தொடமாட்டார்கள். கீறினாள். இரண்டு முள் சுருக்கென்று குத்தின. பால் வடிந்தது. உள்ளே பச்சைப்பசேல் என்று இருந்தது.

"உசுரோடவா இருக்க?"

"அடுப்பு வேலையா இருக்கேன் தாயி. கெடுத்துப்போடாத."

மாடத்தி சிரித்துவிட்டாள். அடுத்துப் பூவரசைக் கீறினாள். கடைசி இலை வரை பிடித்துக்கொண்டு நின்ற அது உள்ளேயும் காய்ந்து கிடந்தது. அன்றைக்கு அவள் அடுப்பில் எரிந்தது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பசித்த ஆடுகள்கூட அந்த முள்ளுக்குப் பயந்து விலகிப் போவதை மாடத்தி கவனித்தாள். தினமும் நரிக்குக் குட்டி பறிகொடுப்பவள் அவள். நாலு கொம்பு கேட்டாள். கள்ளி மனசாரக் கொடுத்தது. ஆடுகள் அடையும் கிடையைச் சுற்றி ஊன்றினாள். தண்ணீர் ஊற்றாமலே எல்லாம் வேர்பிடித்தன. அடுத்த வருஷம் மழை வந்தபோது, மூக்கில் முள் தைத்த நரி ஊரைவிட்டே ஓடியிருந்தது.

அன்று முதல்தான் கள்ளிக்குத் தண்டே இலை, முள் ஜோடி ஜோடி. மழை பெய்தால் பழைய ஞாபகத்துக்கு நகக்கண் அளவு நாலு இலை விடும், வெயில் வந்ததும் உதறிவிடும். ஆட்டுக்கிடைக்குக் கள்ளிவேலி வந்ததும் அன்று முதல்தான்.